கத்தியைக் கழுவியது நான்

1981ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 10.15 மணி. சொல்பவர் அழைக்கப்படாமல் தாமாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தவர்.

பெயர்: மீராலெவ்வை கச்சிமுகம்மது. வயது: 68. மதம்: இஸ்லாம். தொழில்: அரசாங்க நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். விலாசம்: பள்ளி ஒழுங்கை, சாய்ந்தமருது.

மேற்படி நான் சொல்வதாவது:

இம்மாதம் 11ஆம் திகதி இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது நான்கு வரி. "நான் பின்னால் வந்தேன், எதையும் காணவில்லை" என்று அதில் இருக்கிறது. அது பொய். அதைக் கிழித்துவிடும்படி நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும், அதன் கீழ் இதையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். ஒன்றைச் சொன்ன பின் அது சரியா என்று பலதரம் யோசிப்பவன். ஆகவே மெதுவாகச் சொல்ல எனக்கு அனுமதி தரும்படி கேட்டு, அனுமதி கிடைத்த பின்னரே சொல்கிறேன்.

இறந்துபோன ஆதம்பாவா அச்சிமுகம்மது, வயது 41, என் மகள் ஹாஜறாவின் கணவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் கலியாணம் முடித்து மகளின் வீட்டுக்கு வந்து, பதினாறு வருடமாக என்னுடன் ஒரே கூரையின் கீழ் இருந்தவர். அவரைக் குத்தியதாகச் சந்தேகிக்கப்பட்டு இப்போது விளக்கமறியலில் இருக்கும் ஸைனுலாப்தீன், வயது 36, எங்கள் எருமைப் பட்டியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பார்ப்பவர். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாகு கன்றின் சூட்டுக் குறியைப் பற்றி, அது எங்கள் குறியா அவருடைய குறியா என்று, இருவருக்கும் தேத்தண்ணிக் கடையில் வாய்ச்சண்டை நடந்தது. அந்த இடத்தில் ஸைனுலாப்தீன், "உன்னைக் குத்தினாலும் பாவமில்ல" என்று சொன்னார். கடையில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதை நான் மறைக்கவில்லை.

இப்போது எனக்குக் காட்டப்படும் கத்தியை அடையாளம் காண்கிறேன். இது ஸைனுலாப்தீனுடையது அல்ல, என்னுடையது. ஜூலை மாதக் கடைசியில் காரைதீவில் ஒரு கொல்லுப் பட்டறையில் நான் சொல்லிச் செய்வித்தது. நான் முப்பத்தொரு வருடம் காடுகளின் படம் கீறியவன், ஆனால் காட்டுக்குள் போனவன் அல்ல. அளவைக்குப் போய் வருபவர்களின் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்து மேசையில் இருந்து கீறினேன். காட்டுக்குக் கொண்டுபோகும் கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் கதைக்கக் கேட்டது. சங்கிலி பிடிப்பவர் ஒருவர் மடக்குக் கத்தியால் கொடி அறுத்தபோது கத்தி மடங்கி அவருடைய சுட்டுவிரல் நுனி போய்விட்டது. அந்த விரலை நான் கந்தோரில் கண்டேன். ஆகவே மடங்காத கத்தி வேண்டும் என்று தீர்மானித்தேன். அலகு ஐந்தரை அங்குலம், அதைவிட நீண்டால் என் கைக்கு அடங்காது. லொறி வில்லுத் தகட்டில் அடிக்க வேண்டும். விறகு பிளக்கும்போது அலகின் முதுகில் தடியால் தட்ட வேண்டி வரும், ஆகவே முதுகு தடிப்பாக இருக்க வேண்டும். இரும்பு பிடிக்குள் பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓட வேண்டும். இருபுறமும் முதிரைப் பலகை வைத்து மூன்று பித்தளை ஆணியால் இறுக்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் அளவுடன் கீறிக் கொடுத்தேன். கொல்லர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "காக்கா, இதென்ன, பாலம் கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். குத்துவதற்கு ஏற்ற முனை வேண்டும் என்று நான் கேட்டதாக அவர் இங்கு சொல்லியிருக்கிறார் என்று அறிகிறேன். மரப்பட்டையில் துளை போடக் கூடிய முனை என்பதே என் கருத்து. அவர் பொய் சொல்லவில்லை. நான் விளங்கச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கத்தி வந்த பின் மூன்று நாள் வீட்டு வளவில் அதைச் சோதித்தேன். காய்ந்த விறகில் வைத்து முதுகில் தட்டிப் பிளந்தேன், கயிறு அறுத்தேன், முளைக் கம்பு சீவினேன், ஒவ்வொன்றுக்கும் பின் ஆணிகள் ஆடுகின்றனவா என்று பார்த்தேன். மருமகன் முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு மகளிடம், "உங்கட வாப்பா காட்டுக்கு ராசாவாப் போறார். காடு எந்தப் பக்கம் கிடக்கெண்டு கேட்டுப் பாருங்க" என்று சொன்னார். அவர் எப்போதும் அப்படிச் சிரித்துக் கதைப்பவர்.

இம்முறை கோடை நீண்டு, அக்கரைப்பற்றுக்கு மேற்கே காட்டோரத்தில் உள்ள எங்கள் பட்டியில் தண்ணீர் வற்றி, ஐந்து எருமைகள் உள்ளே போய்விட்டன. தேடிப் போக இருவரும் ஆயத்தமானார்கள். கன்றுச் சண்டையின் பின் அவர்களைத் தனியே அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. நடுவில் ஒருவர் இருந்தால் நல்லது என்று எண்ணி நானும் போனேன். வேறு காரணம் இல்லை. 9ஆம் திகதி பின்னேரம் சீனித்தம்பி என்பவருடைய மாட்டுக் கரத்தையில் பட்டியடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

10ஆம் திகதி காலையில் மூவரும் ஒரே சஹன் தட்டில் ரொட்டி சாப்பிட்டோம். கன்று கிடைத்தால் அதை என் மகளின் மூத்த பிள்ளைக்குக் கொடுப்பதாக ஸைனுலாப்தீன் சொன்னார். "அப்ப அது உன்ட கன்றெண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரியில்ல வருது" என்று மருமகன் சொல்ல இருவரும் சிரித்தார்கள். அதன் பின்னர் புறப்படும்போது ஸைனுலாப்தீன் தனது நீண்ட மன்னாக்கத்தியைத் தோளில் வைத்தார். சீனித்தம்பிக்கு விறகு வெட்ட அது தேவை, எங்களுக்கு என் கத்தி போதும் என்று நான் சொன்னேன். "காக்காட கத்தி காக்காக்கு. கம்பு வெட்ட மன்னா வேணும்" என்று அவர் சொன்னார். அதற்கு மருமகன், "உடு மச்சான், மாமாட கத்தியக் கண்டாலே மரம் தானா விழும்" என்றார். அதன் பின்னர் மன்னாக்கத்தி கரத்தையடியில் விடப்பட்டது. என் கத்தியில் எனக்குப் பெருமை இருந்தது. அதனால்தான் சொன்னேன்.

அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் நடந்து, வற்றிய ஒரு சிறு குளத்தின் பக்கம் போனோம். மருமகன் முன்னால், ஸைனுலாப்தீன் அடுத்து, நான் கடைசியில். குளத்தின் சேற்றில் எருமைக் குளம்பு இருக்கிறதா என்று மருமகன் குனிந்தபோது, பக்கத்துப் பற்றைக்குள் படுத்திருந்த தனிப்பன்றி ஒன்று எழும்பி நேரே அவர் மேல் பாய்ந்தது. அவர் மல்லாந்து விழுந்தார். பன்றி தலையை இரண்டு தரம் மேலே எறிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கத்தி என் இடுப்பில் தோலுறைக்குள் இருந்தது. அதை உருவ எனக்குத் தோன்றவில்லை. ஸைனுலாப்தீன் பின்னால் ஓடிவந்து என் இடுப்பிலிருந்து அதை உருவிக்கொண்டு போய், பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு தரம் குத்தினார். இரண்டாம் குத்தில் அலகு பிடிவரை இறங்கியது. பன்றி பதினைந்து அடி அளவில் ஓடிப் பற்றைக்குள் விழுந்தது. எந்தக் காரியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மணி பார்ப்பது என் கந்தோர்ப் பழக்கம். அப்போது மணி 9.40.

மருமகனின் இடது தொடையின் உட்புறம் கோரைப்பல்லால் கிழிந்திருந்தது. கத்தியால் வெட்டியது போல நேரான காயம். நானே கண்ணால் காணாவிட்டால் கத்திக்காயம் என்றுதான் நினைத்திருப்பேன். ஸைனுலாப்தீன் கத்தியை என் பக்கம் நீட்டி, "புடிங்க காக்கா" என்று சொல்லிவிட்டு, தன் துவாயைத் தொடைக்கு மேலே கட்டி, காயத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து முழுப் பாரத்துடன் அழுத்தினார். கையை எடுத்தால் இரத்தம் பாய்ந்தது. ஆகவே அவரால் எழும்ப முடியவில்லை. முதுகில் தூக்குவதென்றால் காலை மடக்க வேண்டும், கட்டு அவிழ்ந்துவிடும். இரண்டு கம்பு வெட்டி எங்கள் சாரன்களை அதில் கோத்துத் தூக்கிக்கொண்டு போவது ஒன்றே வழி. நான் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தால் அவர் வெட்டக்கூடிய கன்று மரங்கள் பக்கத்திலேயே நின்றன. அதற்குக் கத்தி வேண்டும். கத்தி என் கையில் இருந்தது.

பன்றியின் இரத்தம் பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். உயிர் ஆபத்தின்போது அதைப் பிற்படுத்தலாம் என்பதும் அதே சட்டம். இரண்டும் எனக்குத் தெரியும். நான் ஓதிப் படித்தவன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது, அந்தக் கத்தியால் வெட்டிய கம்பில் அவரைக் கிடத்தி, அவருக்கு ஏதும் நேர்ந்தால் அந்த அசுத்தத்தோடு போவாரே என்ற பயம். நான் கத்தியை இலையால் பிடித்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். இருபத்திரண்டு அடி தூரம்.

குளத்தில் ஒரு குழியளவு தண்ணீர் மாத்திரம் இருந்தது. குறைந்த தண்ணீருக்குள் அசுத்தமான பொருளைத் தோய்த்தால் தண்ணீரும் அசுத்தமாகும். ஆகவே தேத்தண்ணிப் பிளாஸ்கின் மூடியால் அள்ளிக் கரையில் வைத்து ஊற்றினேன். முதல் தரம் மண்ணைக் குழைத்து அலகிலும் பிடியிலும் பூசித் தேய்த்தேன். அதன் பின்னர் தண்ணீர். ஒவ்வொரு தரமும் ஆணி இடுக்குகளில் தண்ணீர் இறங்கியதா என்று பார்த்தேன். ஐந்தா நாலா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும் என்பதால் நாலு என்று உரக்கச் சொல்லி வைத்துக்கொண்டேன். அதன் பின்னர், மண் பிடியின் இடுக்குக்குள் போகவில்லையோ என்று தோன்றி, மறுபடியும் மண் எடுத்து ஒன்றிலிருந்து தொடங்கினேன். எனக்குத் தொழுகைக்கு ஒழு எடுக்கும்போதும் இந்தச் சந்தேகம் உண்டு. பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் என்னுடன் இருந்தவர்கள் தொழுது முடித்து வரும்போதும் நான் கால் கழுவிக்கொண்டிருப்பதாக ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மை.

ஸைனுலாப்தீன், "காக்கா, கத்தியக் கொண்டாங்க, ரத்தம் நிக்குதில்ல" என்று கூப்பிட்டார். "இந்தா வாறன்" என்றேன். மருமகன் படுத்தபடியே, "மாமா, எத்தினையாவது?" என்று கேட்டார். "நாலு" என்றேன். "முந்தியும் நாலெண்டுதானே சொன்னீங்க" என்றார். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அதன் பின்னர் ஸைனுலாப்தீன், "அல்லாக்காகக் கொண்டாங்க, பண்டி ரத்தமெல்லாம் என்ட கையிலயும்தான் கிடக்கு, அதையென்ன செய்யிற!" என்று சத்தம் போட்டார். நான் விடவில்லை. மருமகன் மறுபடியும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் கவனித்தேன். கவனித்தும் ஏழாவது தரம் ஊற்றினேன்.

நான் குளத்தில் கை வைத்தபோது மணி 9.45. கத்தியை ஸைனுலாப்தீனிடம் கொடுத்தபோது 10.05.

அவர் என்னை ஏசவில்லை. கத்தியை வாங்கி, என் கைகளைப் பிடித்துக் காயத்தின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கம்பை வெட்டினார். சிறிய கத்தியானபடியால் கம்பில் அலகை வைத்து முதுகில் தடியால் தட்டித் தட்டித்தான் வெட்ட முடிந்தது. மன்னாக்கத்தி என்றால் இரண்டு வெட்டு. அதன் பின்னர் சாரனில் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் மூன்று இடத்தில் இளைத்து நின்றேன். கரத்தையடிக்கு வந்தபோது 10.55. கரத்தையில் ஸைனுலாப்தீன் அவருடைய தலையை மடியில் வைத்துக் காதில் கலிமா சொல்லிக்கொண்டு வந்தார். தார் றோட்டில் ஏறுமுன் மருமகன் மௌத்தானார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸைனுலாப்தீன் என்னைத் தனியே கூப்பிட்டு, "காக்கா, கத்தி கழுவினது நானெண்டு சொல்றன். நீங்க பின்னால வந்தன், காணல்ல எண்டு சொல்லுங்க. மகளுக்குத் தெரிஞ்சா அந்த ஊட்டுல நீங்க எப்பிடி இருக்கிற?" என்று சொன்னார். நான் சரி என்றேன். கழுவிய கத்தி கொலைக்குச் சாட்சியாகும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. எங்களுக்கு அது பன்றி பட்ட கத்தி, அவ்வளவுதான். மறுநாள் ஆணி இடுக்கில் மண் இருப்பதைக் கண்டு, ஸைனுலாப்தீன் இரத்தத்தைத் திட்டமிட்டு அழித்திருக்கிறார் என்று தாங்கள் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பின்னும் நான் அந்த நான்கு வரியைச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

கேள்வி: பன்றி செத்தது உண்மையானால் ஏன் அது கிடைக்கவில்லை?

விடை: தங்கள் அலுவலர்கள் 12ஆம் திகதி சீனித்தம்பி காட்டிய திசையில் தேடினார்கள். அவர் கரத்தையை விட்டு உள்ளே வராதவர். பன்றி பாய்ந்தபோது எழுந்த சத்தம் கேட்ட பக்கத்தை மாத்திரம் காட்டினார். அந்தச் சத்தம் குளத்துக் கட்டில் பட்டுத் திரும்பியிருக்கலாம். இத்துடன் ஒரு படம் கீறிக் கொண்டுவந்திருக்கிறேன். பட்டியடியிலிருந்து அடிக்கணக்கும் திசையும் அதில் உண்டு. நடக்கும்போது அடி எண்ணுவது எனக்குப் பழக்கம். பன்றி விழுந்த பற்றைக்கு வட்டமிட்டிருக்கிறேன். நரி தின்றிருந்தாலும் விலா எலும்பு கிடக்கும், அதில் அலகு பட்ட வெட்டு இருக்கும். நாளைக்கு வழக்குத் தவணை என்றபடியால் இன்றைக்கே போக வேண்டும். நானும் கூட வருகிறேன். எனக்கு அங்கே போகப் பயம். ஆனாலும் வருகிறேன்.

கேள்வி: மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு இன்று ஏன் வந்தீர்?

விடை: நேற்று ஸைனுலாப்தீனின் மனைவி நபீஸா எங்கள் வீட்டு மௌத்துக்கு ஒரு சட்டியில் சோறு சமைத்துக்கொண்டு வந்தார். எங்கள் குடும்பத்துப் பெண்கள் கடப்படியிலேயே மறித்து, "கொலகாரன்ட ஊட்டுச் சோறு இஞ்ச வேணாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மூடிய சட்டியைத் திரும்பவும் தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். இது பொய்ச்சாட்சி சொன்னவனுடைய வீட்டுக்கு வந்த சோறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பின்னர் இன்று சுபஹு தொழுத பின் மகள் ஹாஜறாவிடம் போனேன். அவள் கணவரை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள், அறையை விட்டு வெளியே வரமாட்டாள். வாசற்படியில் இருந்துகொண்டு, இங்கே சொன்ன எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவர் வலிக்குதெண்டு சொன்னாரா வாப்பா?" என்று கேட்டாள். இல்லை, எத்தனையாவது என்று கேட்டார் என்று சொன்னேன். "ஸைனுலாப்தீன் கையெடுக்காமலா இருந்தார்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். "நீங்க எவ்வளவு நேரம் கழுவினீங்க?" என்று கேட்டாள். "பத்து நிமிசம் இருக்கும் மகள்" என்று சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று சொன்னாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

கேள்வி: உடனே கம்பு வெட்டியிருந்தால் அவர் உயிருடன் இருந்திருப்பாரா?

விடை: தெரியாது. டொக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாங்கள் கேட்டு, விடையை எனக்கும் சொல்லும்படி கேட்கிறேன்.

சீனித்தம்பிக்குச் சத்தம் கேட்டதற்கும் நாங்கள் கரத்தையடிக்கு வந்ததற்கும் இடையில் இருபது நிமிடம் கணக்கில் வராமல் நிற்கிறது என்றும், அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டபோது ஸைனுலாப்தீன் வாய் திறக்கவில்லை என்றும் அறிகிறேன். அவர் திறக்காதது எனக்காக. மகளிடம் சொன்னது போல இங்கும் பத்து நிமிடம் என்று சொன்னால் மீதிப் பத்தும் அவர் தலையில் நிற்கும். அந்த இருபது நிமிடமும் அவருடைய இரண்டு கைகளும் என் மருமகனின் காயத்தின் மேல் இருந்தன. கத்தி என் கையில் இருந்தது. மகளிடம் நான் சொன்னது பிழை. காட்டிலிருந்து திரும்பியதும் அவளிடம் போய் அதைத் திருத்திச் சொல்வேன்.

மேலே எழுதியிருப்பதை உப பரிசோதகர் எனக்கு ஆறுதலாக, அவசரமில்லாமல், வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. எவரும் என்னை அச்சுறுத்தவோ ஆசை காட்டவோ இல்லை. ஓரிடத்தில் மாத்திரம் "சுமார் இருபது நிமிடம்" என்று எழுதப்பட்டிருந்தது. "சுமார்" என்ற சொல்லை வெட்டும்படி கேட்டேன். அது வெட்டப்பட்டது. வெட்டிய இடத்திலும் கீழேயும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மீ. கச்சிமுகம்மது